ஏழு மணிக்குப் பிறகு

காலை ஏழுக்கு முன் இல்லை.
மாலை ஏழுக்குப் பின் இல்லை.
பள்ளி நாளில் இரண்டு மணி நேரம்,
ஞாயிறும் அப்படியே.
கிரிம்ஸ்பி நகரசபையின் இரண்டாம் மாடியில்
இதைச் சொல்லிச் சொல்லியே
என் வாய் ஒரு சுவர்க்கடிகாரம் ஆகிவிட்டது.

பதின்மூன்று முடிந்தவர்கள் விண்ணப்பிக்கலாம்.
இன்று வந்தவை நான்கு.
கீரன் பெல், வீடு வீடாகப் பத்திரிகை.
மேடி என்றொருத்தி, சலூனில் முடி கூட்ட.
ஒன்றில் பெயரே வாசிக்க முடியவில்லை, குதிரை லாயம்.
நான்காவது பெடியன் துறைமுகத்தில்
மீன் வெட்டக் கேட்டிருந்தான்.
'கத்தி எனக்குப் பழக்கம்' என்று
மேலதிக விபரத்தில் எழுதியிருந்தான்.
அவனுக்கு மட்டும் இல்லை என்று எழுதினேன்.
பேனாவை மூடக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

சட்டம் 'இலகுவான வேலை' என்கிறது.
எவ்வளவு இலகு என்று சொல்வதில்லை.
எங்கள் தெருவுக்குப் பத்திரிகை போடும் பிள்ளையின்
சனிக்கிழமைப் பையை ஒருநாள் வாங்கித் தூக்கிப் பார்த்தேன்:
என் சின்னவன் மூன்று மாதத்தில் இருந்த கனம்.

சட்டத்துக்குச் சூரியனையும் தெரியாது.
டிசம்பர் காலை ஏழு மணி கும்மிருட்டு,
அது பகல் என்கிறது.
ஜூன் மாலை ஏழு மணிக்கு
கடல்மேல் இன்னும் இரண்டரை மணி நேர வெயில் கிடக்கும்,
அது இரவாம்.

தவபாலன் கடைக்கும் நான்தான் அனுமதி கொடுத்தேன்.
மகள் அபிசனா, வயது பதினாலு.
சொந்தக் கடை, சம்பளமும் இல்லை,
அதுக்கும் கடுதாசி வேணுமோ என்று
மூன்று தரம் கேட்டார்.
வேண்டும்.
சனிக்கிழமை ஐந்து மணி நேரம், நடுவில் ஒரு மணி ஓய்வு.
பிஸ்கற் அடுக்கலாம், கல்லாவில் நிற்கலாம்,
சிகரெட் அலமாரிப் பக்கம் கை போகக் கூடாது.
'எங்கட பிள்ளை எங்கட கடையில நிக்க
வெள்ளைக்காரன்ர கையெழுத்து' என்றார்.
கையெழுத்து என்னுடையது அண்ணை என்றேன்.
சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, ஏழு இருபது.
வீட்டில் பால் முடிந்திருந்தது.
கல்லாவுக்குப் பின்னால் அவள் மட்டும்.
எனக்கு முன்னால் லாட்டரிச் சீட்டோடு ஒருவர்.
'அப்பா பின்னுக்கு நிக்கிறார், வருவார்.
ஏழுக்குப் பிறகு நான் காசு தொட ஏலாது'
என்று அவருக்கு ஆங்கிலத்திலும் எனக்குத் தமிழிலும் சொன்னாள்,
கடைசி பஸ் போய்விட்டது என்று சொல்வது போல.
அவர் ஏதோ திட்டிவிட்டுப் போனார்.

நல்ல பிள்ளை என்று நினைத்தேன்.
அதோடு வெளியே வந்திருக்கலாம்.

தவபாலன் கோலாப் பெட்டியோடு வந்தார்,
பெட்டியின் மேலே ஒரு பழுப்பு உறை.
'இதை ஒருக்கா வாசி பிள்ளை.'
வாசித்தாள். மின்சாரக் கம்பனி.
எட்டுக்கு மூடும் இணைப்பைப் பிடித்தாள்.
குரலைக் கனமாக்கி
தான்தான் திருமதி தவபாலன் என்றாள்.
பிறந்த திகதி கேட்டார்கள்;
தாயின் திகதி தடக்காமல் வந்தது.
மாதம் நாற்பதாய்க் கட்டலாமா என்று பேரம் பேசினாள்,
அறுபதில் நின்றவர்களை ஐம்பதுக்கு இறக்கினாள்.

ஏழு நாற்பது.
ஏழு ஐம்பது.
என் படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
வேலையின் வகை: மகள்.
தொடங்கும் நேரம்:
முடியும் நேரம்:

பால் போத்தல் என் கையில் வியர்த்துக்கொண்டிருந்தது.
காத்திருக்கச் சொல்லி இசை போட்ட இடைவெளியில்
அபிசனா தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு
என் பக்கம் திரும்பினாள்.
'அன்ரி, அரியர்ஸ் எண்டா தமிழில என்ன?'

எனக்கும் ஐந்து மணியோடு வேலை முடிந்திருந்தது.
'நிலுவை' என்றேன்.

'நிலுவையாம் அப்பா' என்றாள்.

பெட்டியை இறக்கி வைத்துவிட்டு
அவர் கேட்டார்:
'எவ்வளவாம்?'